எந்தப் புல்? மகரந்த ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையைப் படிக்கும் முறை

ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும். "திமோத்தி புல் மகரந்தம், ஜி6: 3.7 கேயூஏ/லி, வகுப்பு 3." பக்கத்தில் தடித்த எழுத்தில் "பாசிட்டிவ்". வாங்கிப் பார்ப்பவரின் கண் நேராக அந்த "வகுப்பு 3" மேல் போய் நிற்கும். புற்றுநோயில் மூன்றாம் கட்டம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இதுவும் அப்படித்தான் விழும். வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். ஆனால் அந்த வரியில் நோயின் தீவிரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு குறிப்பிட்ட புல்லின் மகரந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு மிதக்கிறது என்பது மட்டும்தான் இருக்கிறது.

அந்த வரியில் வகுப்பைவிட முக்கியமான சொல் ஒன்று உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. "திமோத்தி" என்ற புல்லின் பெயர். லேப் நாம் கேட்ட புல்லைத்தான் சோதித்திருக்கும். தும்மல் வரவழைக்கும் புல் வேறாக இருந்தால் அந்த எண் சரியாகவே இருந்தாலும் பயன் குறைவு. எண்ணை முதலில் புரிந்துகொண்டு புல்லுக்கு வருவோம்.

எண் எதை அளக்கிறது

நம் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களில் ஐஜிஇ மிக மிகச் சிறுபான்மை. 1 யூனிட் ஐஜிஇ என்பது 2.42 நானோகிராம். ரிப்போர்ட்டில் வரும் கேயூஏ/லி என்பது ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோயூனிட் என்று பொருள். பாசிட்டிவ் என்று சொல்லத் தொடங்கும் 0.35 கிலோயூனிட் அளவைக் கணக்குப் போட்டால் ஒரு மில்லிலிட்டர் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரில், 0.85 நானோகிராம் வரும். அதே மில்லிலிட்டரில் ஐஜிஜி என்ற சாதாரண எதிர்ப்பொருள் 10 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுள்ள பொருளைத் தேடிப் பிடித்து அளக்கும் வேலை இது. அதனால்தான் இந்த எதிர்ப்பொருளையே 1966, 1967 வாக்கில்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அமெரிக்காவில் கிமிஷிகே, தெருகோ இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் தனித்தனியாக அதை எட்டினார்கள். 1968ல் ஐஜிஇ என்ற பெயர் உறுதியானது. புல் மகரந்தம்தான் தும்மலுக்குக் காரணம் என்பது அதற்கு வெகு முன்பே தெரியும். மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர் தன் மூக்கிலும் தோலிலும் மகரந்தத்தை வைத்துச் சோதித்து 1873ல் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

சோதனை நடக்கும் விதம் எளிது. பரவலாகப் பயன்படும் முறையில், சின்னக் கிண்ணத்துக்குள் பஞ்சு போன்ற செல்லுலோஸ் இருக்கும். அதில் புல் மகரந்தத்தின் புரதங்களைப் பிணைத்து வைத்திருப்பார்கள். அதன்மேல் 40 மைக்ரோலிட்டர் சீரம் விடப்படும். ஒரு சொட்டை விடக் கொஞ்சம் குறைவு. அந்தப் புரதங்களுக்கு எதிரான ஐஜிஇ இருந்தால் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவிப் போகும். பிறகு, மனித ஐஜிஇயை மட்டும் பிடிக்கும் இன்னோர் எதிர்ப்பொருளை நொதியோடு சேர்த்து விடுவார்கள். மறுபடி கழுவல். கடைசியில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் அந்த நொதி அதை ஒளிரும் பொருளாக மாற்றும். ஒளி எவ்வளவோ, ஐஜிஇ அவ்வளவு. அலகில் வரும் "ஏ" என்ற எழுத்து, இது மொத்த ஐஜிஇ அல்ல, ஒரு குறிப்பிட்ட ஒவ்வாமைப் பொருளுக்கானது என்பதைக் காட்டுகிறது.

இப்போது வகுப்புகள். 0.35க்குக் கீழே பூஜ்யம். 0.35 முதல் 0.7 வரை 1. 3.5 வரை 2. 17.5 வரை 3. 50 வரை 4. 100 வரை 5. அதற்கு மேல் 6. இந்த எல்லைகள் 1970களில் வந்த பழைய கதிரியக்க முறையின் மிச்சம். 0.35 என்பது அந்தக் காலத்துக் கருவியால் நம்பி அளக்க முடிந்த அடிமட்டம், அவ்வளவுதான். உடலுக்குள் அந்த இடத்தில் யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. இன்றைய கருவிகள் 0.1 வரை அளக்கின்றன. அதனால் சில லேப்கள் 0.1க்கும் 0.35க்கும் இடைப்பட்டதையும் அச்சிட்டுத் தருகின்றன. மகரந்த விஷயத்தில், அறிகுறி வலுவாக இல்லாதவரை, அந்த இடைவெளி எண்களுக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

மேலே சொன்ன ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 3.7 என்பதால் வகுப்பு 3. அதே சீரத்தை நாளை மறுபடி ஓட்டினால் 3.4 வரலாம். எந்தச் சோதனையிலும் பத்துச் சதவீத ஏற்ற இறக்கம் சாதாரணம். 3.4 வந்தால் வகுப்பு 2. ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே மூக்கு. வகுப்பு மட்டும் மாறிவிட்டது. என்னைக் கேட்டால் வகுப்பு என்ற கட்டத்தையே ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடலாம். எண் போதும். அதிலும் ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். இருவரும் ஒரே அலகை அச்சிட்டாலும், பயன்படுத்தும் மகரந்தச் சாறும் கருவியும் வேறு என்றால் எண்கள் பொருந்தாது.

இன்னொன்று. எண் பெரிதாக இருந்தால் புல் மகரந்தம்தான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கும். தும்மல் எத்தனை மோசமாக இருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. 45 இருக்கும் ஒருவர் புல்வெளியில் நிம்மதியாக நடப்பார். 1.5 இருக்கும் ஒருவர் அந்தப் பருவம் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார். எதிர்ப்பொருள் இருப்பதற்குப் பெயர் உணர்திறன். எதிர்ப்பொருளோடு அறிகுறியும் சேர்ந்தால்தான் ஒவ்வாமை. அறிகுறியே இல்லாதவருக்கு 45க்காக மருந்து எழுதினால் அது எண்ணுக்குச் செய்யும் வைத்தியம்.

எந்தப் புல்?

புல் குடும்பத்தில் 11,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நெல், கோதுமை, கரும்பு, மூங்கில் எல்லாம் இதே குடும்பம்தான். ஒவ்வாமைக் கணக்கில் மூன்று கிளைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் கிளை குளிர்ப் பிரதேசப் புற்கள். திமோத்தி, ரை புல், காக்ஸ்ஃபுட், கென்டக்கி நீலப்புல், ஃபெஸ்க்யூ. இவற்றின் புரதங்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு ஒத்தவை. ஒன்றுக்கு உருவான ஐஜிஇ மற்ற நான்கிலும் ஒட்டும். அதனால் திமோத்தி ஒன்றைச் சோதித்தால் போதும். ஐந்தையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்து, ஐந்தும் பாசிட்டிவ் என்று அறிவிப்பது ஒரே ஆளை ஐந்து கண்ணாடியில் பார்த்து ஐந்து பேர் என்பது போல. காசுதான் கூடுதலாகப் போகும்.

இரண்டாவது கிளையின் பிரதிநிதி பெர்முடா புல். ரிப்போர்ட்டில் ஜி2 என்று வரும். பெயரைப் பார்த்து ஏதோ தூரதேசத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், நாம் அறுகம்புல் என்று சொல்வதுதான் அது. மூன்றாவது கிளையில் ஜான்சன் புல், பஹியா புல், மக்காச்சோளம், சோளம். இந்த இரண்டு கிளைகளும் வெப்பப் பிரதேசங்களின் ஆட்சி.

கிளைகளுக்கிடையே ஒற்றுமை உண்டு, ஆனால் அரைகுறை. எல்லாப் புல்லிலும் "தொகுதி 1" என்று ஒரு புரதம் இருக்கிறது, கிளைக்குக் கிளை கொஞ்சம் உருமாறி. திமோத்தியில் இருப்பது ஃபில் பி 1, அறுகம்புல்லில் இருப்பது சின் டி 1. "தொகுதி 5" புரதம் குளிர்ப் பிரதேசக் கிளையில் மட்டும் உண்டு. அறுகம்புல்லிலும் ஜான்சன் புல்லிலும் அது கிடையவே கிடையாது. வெப்பமான ஊரில் அறுகம்புல் மகரந்தத்தால் தும்முகிறவருக்குத் திமோத்தியை மட்டும் சோதித்தால் எண் தாழ்வாகவோ நெகட்டிவாகவோ வந்து, "உங்களுக்குப் புல் ஒவ்வாமை இல்லை" என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. குளிரான ஊர்க்காரருக்கு அறுகம்புல்லைச் சோதித்தாலும் இதே கதைதான்.

"புல் கலவை" என்று ஒரு சோதனை கிடைக்கும். நாலைந்து புற்களின் சாற்றை ஒரே கிண்ணத்தில் கலந்து ஒரே எண்ணாகத் தருவார்கள். வடிகட்டிப் பார்ப்பதற்கு வசதிதான். இதில் இரண்டு சிக்கல். கலவை பாசிட்டிவ் என்றால் எதனால் என்று தெரியாது. நெகட்டிவ் என்றால் அந்தக் கலவையில் என்னென்ன புல் இருந்தது என்று பார்க்காமல் நம்ப முடியாது. எல்லாம் குளிர்ப் பிரதேசப் புல்லாகவே இருக்கும் கலவையும் சந்தையில் உண்டு, அறுகம்புல்லையும் ஜான்சன் புல்லையும் சேர்த்த கலவையும் உண்டு. ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் "புல் கலவை" என்றே எழுதியிருப்பார்கள், பக்கத்தில் உள்ள குறியீட்டு எண் மட்டும் வேறாக இருக்கும். லேபைக் கூப்பிட்டு, கலவையில் உள்ள புற்களின் பெயரைக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

ஆக, சோதனைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. வாழும் இடத்தில் எந்தக் கிளைப் புல் அதிகம், அது எந்த மாதங்களில் பூக்கிறது. அறிகுறிகளை மாதவாரியாக ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போனால் பாதி வேலை முடிந்துவிடும். வருடம் முழுக்க ஒரே மாதிரி மூக்கடைப்பு, படுக்கையிலிருந்து எழுந்ததும் தும்மல் என்றால் புல்லைவிடத் தூசிப்பூச்சி மேல்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும்.

ரத்தம் எடுக்கும்போது

வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடே இதுதான். அங்கே ஒவ்வாமையின்போது உடல் வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற பொருளால் எழும் தடிப்பைப் பார்க்கிறோம், அதனால் ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகளைச் சில நாள், வழக்கமாக ஒரு வாரம் வரை, நிறுத்தியாக வேண்டும். இங்கே எதிர்ப்பொருளை நேரடியாக அளக்கிறோம், மாத்திரை குறுக்கே வராது. மாத்திரையை நிறுத்தினால் தாங்க முடியாதவர்கள், உடல் முழுக்க எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்கள், நகத்தால் கீறினாலே தோல் தடிக்கும் தன்மை உள்ளவர்கள், குத்த விடாத சின்னக் குழந்தைகள், இவர்களுக்கெல்லாம் ரத்தம்தான் தோதானது. மற்றவர்களுக்குத் தோல் சோதனை பதினைந்து நிமிடத்தில் விடை சொல்லும், பொதுவாக ஒவ்வாமையைத் தவறவிடாமல் பிடிக்கும் திறனும் சற்று அதிகம். ஒன்றைவிட மற்றொன்று நவீனம் என்று நினைக்க ஒன்றுமில்லை.

சீரத்துக்கான குழாயில் 3 முதல் 5 மில்லி ரத்தம் போதும். அரை மணி நேரம் உறைய விட்டு, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எடுப்பார்கள். அதில் ஒரு மில்லி இருந்தாலே இருபது பொருள்களைச் சோதிக்கலாம். ஐஜிஇ கெட்டியான மூலக்கூறு. குளிர்ப்பெட்டியில் சில நாள் அப்படியே இருக்கும், உறைய வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். "சாம்பிள் ஒரு நாள் தாமதமாகப் போனதால் ரிசல்ட் தப்பாகியிருக்குமோ" என்ற கவலை இந்தச் சோதனையில் வேண்டாம்.

கவனிக்க வேண்டிய மருந்துகள் இரண்டே. ஒன்று, ஓமாலிசுமாப் ஊசி. இது ஐஜிஇயையே பிடித்துக்கொள்ளும் மருந்து. பிடிபட்ட ஐஜிஇ மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் மொத்த ஐஜிஇ ஏறிப்போய்க் காட்டும். நிறுத்திய பிறகும் ஒரு வருடம் வரை அந்த ஏற்றம் நீடிக்கலாம். இரண்டு, முடி வளர என்று பலர் அதிக அளவில் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. பயோட்டின் பிணைப்பை நம்பி இயங்கும் சில கருவிகளில் இது எண்ணைக் குழப்பும். எல்லாக் கருவிக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்றாலும் லேபில் சொல்லிவிடுவது நல்லது.

வருடத்தின் எந்த நாளிலும் ரத்தம் கொடுக்கலாம். ஆனால் மகரந்தப் பருவம் தொடங்கிச் சில வாரங்களில் ஐஜிஇ ஏறும், பருவம் முடிந்த பின் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். எண் 15 என்றால் இந்த ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டில்லை. 0.4 என்று வந்தால், எந்த மாதத்தில் எடுத்தது என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைக்கு நெகட்டிவ் வருவது பெரிதாக எதையும் சொல்லாது. மகரந்தத்துக்கு எதிர்ப்பொருள் உருவாக வழக்கமாக ஓரிரு பருவங்களாவது அதைச் சுவாசித்திருக்க வேண்டும்.

எல்லாமே பாசிட்டிவ் என்றால்

சிரமமான ரிப்போர்ட் இதுதான். எடுத்துக்காட்டாக ஒன்று: திமோத்தி 2.1, அறுகம்புல் 2.4, பிர்ச் மரம் 1.8, ஆலிவ் மரம் 2.0, ராக்வீட் என்ற களைச்செடி 1.9, கோதுமை 2.2, வேர்க்கடலை 1.5. பார்த்தவுடன் மனிதர் எதையும் தொடவே கூடாது போல் தோன்றும். எண்களை நிதானமாகப் பாருங்கள். எல்லாம் 2ஐச் சுற்றியே வட்டமிடுகின்றன. ஒன்றோடொன்று உறவே இல்லாத செடிகளுக்கு உடல் இப்படி அளந்து வைத்தாற்போல் எதிர்ப்பொருள் செய்வது அபூர்வம். எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்றில் ஐஜிஇ ஒட்டுகிறது என்று அர்த்தம்.

பெரும்பாலும் அது ஒரு சர்க்கரைச் சங்கிலி. செடிகளின் புரதங்களிலும் பூச்சி விஷத்திலும் உள்ள இந்தச் சங்கிலி மனித உடலில் கிடையாது, அதனால் சிலருக்கு அதற்கு எதிராக ஐஜிஇ உருவாகிறது. கிண்ணத்தில் எந்தச் செடியின் சாறு இருந்தாலும் அது போய் ஒட்டும், ஒளி எழும், எண் வரும். மூக்கிலோ கண்ணிலோ இது அறிகுறி எதையும் உண்டாக்குவது மிக அரிது. இந்தச் சங்கிலியைச் சிசிடி என்று சொல்லிக் கேட்டால் லேபில் புரிந்துகொள்வார்கள். அதற்கென்று எம்யூஎக்ஸ்எஃப்3 என்ற தனிச் சோதனை உண்டு. அது 2.6 என்று வந்தால் மேற்படிப் பட்டியலின் மர்மம் விடுபட்டது. சில லேபில் சீரத்தோடு ஒரு தடுப்பானைச் சேர்த்து இந்தச் சர்க்கரை ஐஜிஇயைக் கட்டிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். பொய்யான பாசிட்டிவெல்லாம் 0.1க்குக் கீழே சரிய, உண்மையானது மட்டும் நிற்கும்.

இரண்டாவது சந்தேகம் ப்ரொஃபிலின். எல்லாச் செடியின் உயிரணுவிலும் உள்ள புரதம் இது. திமோத்தியில் இதன் பெயர் ஃபில் பி 12. இதற்கு எதிராக ஐஜிஇ இருந்தால் புல், மரம், களைச்செடி என்று எல்லா மகரந்தமும் பாசிட்டிவாக வரும். இதற்கும் சர்க்கரைச் சங்கிலிக்கும் ஒரு வேறுபாடு, ப்ரொஃபிலின் சிலருக்கு அறிகுறி தரும். முலாம்பழம், தர்பூசணி, வாழைப்பழம், தக்காளி தின்றால் வாயும் தொண்டையும் அரிக்கும். வேகவைத்தால் அரிக்காது, ஏனென்றால் சூட்டில் இந்தப் புரதம் குலைந்துவிடும். மூன்றாவது ஃபில் பி 7 என்ற கால்சியம் பிணைப்புப் புரதம். இதுவும் பல மகரந்தங்களில் பொது, ஆனால் பழங்களில் கிடையாது.

இந்த இடத்தில் கோதுமையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், காரணம், இதில்தான் அதிகம் பேர் வீணாகப் பட்டினி கிடக்கிறார்கள். கோதுமையும் ஒரு புல். புல் மகரந்த ஒவ்வாமை உள்ளவரின் ஐஜிஇ, கோதுமை மாவின் சாற்றில் போய் ஒட்டுவது சர்வசாதாரணம். ரிப்போர்ட்டில் கோதுமை 2.2 என்று வந்தவுடன் சப்பாத்தி, ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அதுவரை தினமும் தின்று ஒன்றும் ஆகாதவர் என்றால் நிறுத்தக் காரணமே இல்லை. சாப்பிட்ட பின் உடல் தடித்தது, மூச்சு வாங்கியது, சாப்பிட்டுவிட்டு ஓடியபோது மயங்கியது என்று ஏதாவது இருந்தால் ட்ரை ஏ 19 என்ற ஒமேகா-5 கிளையடின் சோதனையைக் கேட்க வேண்டும். அது புல் மகரந்தத்தோடு குழம்பாது. இதனால்தான் அறிகுறி இல்லாத உணவுகளையெல்லாம் சேர்த்து "அறுபது பொருள் பேனல்" எடுப்பதை நான் விரும்புவதில்லை. கேட்காத கேள்விக்கு வந்த பதில் வீட்டுச் சமையலைக் கெடுக்கும்.

மொத்த ஐஜிஇயைத் தனியாகப் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. குடற்புழு இருந்தால் ஏறும், எக்ஸிமா இருந்தால் ஆயிரக்கணக்கில் ஏறும். ஒவ்வாமை இருந்தும் சாதாரண அளவிலேயே இருப்பவரும் உண்டு. பக்கத்து எண்ணுக்குத் துணையாக மட்டும் அது உதவும். மொத்தம் 18, அதில் அறுகம்புல்லுக்கு மட்டும் 1.2 என்றால், இருக்கும் ஐஜிஇயில் பதினைந்தில் ஒரு பங்கு அந்த ஒரே மகரந்தத்துக்காக நிற்கிறது, வகுப்பு 2 என்று தள்ளிவிடக் கூடாது. மொத்தம் 3,000, திமோத்தி 0.6 என்றால் அந்த 0.6 வெறும் இரைச்சலாகவே இருக்கக்கூடும்.

கூறுகளைப் பிரித்துப் பார்ப்பது

இதுவரை சொன்ன சோதனை மகரந்தத்தின் முழுச் சாற்றையும் பயன்படுத்துவது. அதற்கு அடுத்த படி, புரதங்களைத் தனித்தனியாகச் சோதிப்பது. புல்லுக்கு நான்கே போதும்: ஃபில் பி 1, ஃபில் பி 5, ஃபில் பி 7, ஃபில் பி 12. குளிர்ப் பிரதேசப் புல்லால் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஃபில் பி 1 பாசிட்டிவாக இருக்கும். பெரும்பாலும் சிறு வயதில் ஃபில் பி 1க்கு எதிராகத்தான் முதலில் ஐஜிஇ தோன்றும், வருடங்கள் போகப்போக 5ம் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். வெப்பப் பிரதேசத்தவருக்கு ஃபில் பி 1க்குப் பதில் சின் டி 1 கேட்க வேண்டும்.

விடையைப் படிப்பது எளிது. 1 அல்லது 5 பாசிட்டிவ் என்றால் புல்தான் மூலம். 7, 12 மட்டும் பாசிட்டிவ், 1ம் 5ம் நெகட்டிவ் என்றால் மூலம் வேறெங்கோ இருக்கிறது, மரமோ களைச்செடியோ. திமோத்தி சாற்றில் வந்த பாசிட்டிவ் வெறும் ஒட்டுறவு.

எல்லோருக்கும் இது தேவையில்லை. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் மாத்திரையுமே போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு இந்தச் செலவு வீண், வைத்தியம் மாறப்போவதில்லை. ஒவ்வாமைத் தடுப்பு சிகிச்சையை, அதாவது அதே மகரந்தத்தை நாக்கடியில் மாத்திரையாகவோ ஊசியாகவோ மூன்று வருடம் கொடுப்பதை, யோசிக்கும்போதுதான் இது அவசியம். புல்லுக்கான மாத்திரைகளில் ஒன்று திமோத்தியால் ஆனது, இன்னொன்று ஐந்து குளிர்ப் பிரதேசப் புற்களால் ஆனது. மகரந்தப் பருவத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். அறுகம்புல் ஒவ்வாமைக்காரருக்குத் திமோத்தி மாத்திரையைக் கொடுத்து மூன்று வருடம் காத்திருப்பது எவ்வளவு பெரிய விரயம் என்று யோசித்துப் பாருங்கள். அப்போதுதான் ரிப்போர்ட்டில் புல்லின் பெயர் ஏன் முக்கியம் என்று உறைக்கும்.

சிகிச்சை தொடங்கிய சில மாதத்தில் மறுபடி ரத்தம் எடுத்து, ஐஜிஇ ஏறியிருக்கிறது என்று பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. முதலில் ஏறுவது இயல்பு. பிறகு வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். அந்த இறக்கத்தை வைத்தும் பலன் கிடைத்ததா என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியது அடுத்த பருவத்து மூக்கு. ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருளும் சிகிச்சையில் ஏறும், அதுவும் அளவுகோல் இல்லை. ஐஜிஜி அல்லது ஐஜிஜி4 அளந்து "உங்களுக்கு இதெல்லாம் ஒவ்வாது" என்று பட்டியல் தருகிற வியாபாரம் தனி. உடல் ஒரு பொருளைச் சந்தித்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது, ஒவ்வாமையைக் கண்டறிய அது உதவாது.

எல்லாம் நெகட்டிவ், மூக்கு மட்டும் பாசிட்டிவ்

சரியான புல்லைச் சோதித்தும் 0.1க்குக் கீழ், ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே மாதங்களில் தும்மலும் கண் அரிப்பும் என்றால் சில வழிகள் உண்டு. அதே காலத்தில் காற்றில் பறக்கும் ஆல்டர்நேரியா போன்ற பூஞ்சை வித்துகளைச் சோதிக்கலாம். தோல் சோதனை செய்து பார்க்கலாம். சிலருக்கு ஐஜிஇ மூக்கின் சவ்வுக்குள்ளேயே உருவாகித் தங்கிவிடும், ரத்தத்திலும் தோலிலும் தெரியாது. அவர்களுக்கு மருத்துவர் முன்னிலையில் மகரந்தச் சாற்றை மூக்கில் இட்டுப் பார்க்கும் சோதனைதான் விடை தரும். வெயில், புகை, வாசனை, குளிர்காற்று பட்டாலே மூக்கு ஒழுகுவது ஒவ்வாமையே இல்லாத வேறு வகை. அதில் கண் அரிப்பு அவ்வளவாக இருக்காது.

ஒரு எச்சரிக்கை மட்டும். புல் மகரந்தம் பாசிட்டிவாக இருந்து, பருவத்தில் நெஞ்சில் விசில் சத்தமோ இரவு இருமலோ வந்தால் அதை மூக்கு விவகாரமாக விட்டுவிடக் கூடாது. முழு மகரந்தத் துகள் மூச்சுக்குழாயின் ஆழத்துக்குப் போக முடியாத அளவு பெரிது. ஈரம் பட்டால் அது வெடித்து, 5 மைக்ரானுக்கும் சிறிய மாவுத்துகள்கள் வெளியே வரும், தொகுதி 5 புரதத்தைச் சுமந்துகொண்டு. அவை நேரே நுரையீரலுக்குள் போகும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழைக்கு முன் வீசிய காற்றில் இதுதான் நடந்தது. ரை புல் மகரந்தம். ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அதற்குமுன் ஆஸ்துமாவே இல்லை, வெறும் தும்மல்தான் என்று இருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நிறைய இருந்தார்கள். இப்படிப்பட்டவர் நுரையீரல் ஊதல் சோதனையையும் செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, எந்த வரிசையில் சோதிப்பது என்று கேட்டால்: அந்தப் பகுதியில் மிகுதியாக உள்ள கிளையிலிருந்து ஒரு புல், சந்தேகமிருந்தால் இன்னொரு கிளையிலிருந்து ஒன்று, வருடம் முழுக்கத் தொல்லை என்றால் கூடவே தூசிப்பூச்சி. எல்லாம் ஒரே அளவில் பாசிட்டிவாக வந்தால் மட்டும் சிசிடி. தடுப்பு சிகிச்சை யோசித்தால் மட்டும் கூறுகள். ரத்தம் கொடுக்கும்போதே "மிச்ச சீரத்தை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். வைத்திருக்கும் நாளுக்குள் சொன்னால் அடுத்த படிக்கு அதிலிருந்தே 40 மைக்ரோலிட்டர் எடுத்துக்கொள்வார்கள், இரண்டாவது முறை கையை நீட்ட வேண்டியிருக்காது.